முப்பத்தெட்டு வினாடி

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

இங்கே என் வலது மணிக்கட்டைத் தவிர எல்லாரும் நலம். அங்கே மணிக்கட்டு உட்பட அனைவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இது உங்கள் மகளைப் பற்றிய முறையீடு. புகார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். புகார் சொல்ல அவளிடம் ஒன்றுமே இல்லை என்பதுதான் என் கஷ்டம்.

இருபத்திரண்டு வருஷமாக மின்விசிறி மோட்டாருக்கு மூடி போட்டு நாலு திருகாணி முடுக்குகிறவன் நான். அதே ஆலைக்கு என் மருமகள் உற்பத்தியைப் பெருக்குகிற இன்ஜினியராக வந்தாள். வந்த வாரமே, பதினொரு எட்டு தள்ளியிருந்த திருகாணிப் பெட்டியை என் கைக்கெட்டும் இடத்துக்குக் கொண்டுவந்தாள், மேசையைக் கால் அடி உயர்த்தி முதுகுவலியைப் போக்கினாள், திருப்புளியைத் தலைக்குமேல் ஸ்பிரிங்கில் தொங்கவிட்டாள், விட்டால் அது தானாக மேலே போய்விடுகிறது! இத்தனை வருஷமாகப் பெட்டிக்கும் மேசைக்கும் நடந்தே தேய்ந்தேனே, இது எனக்கு ஏன் தோன்றவில்லை? பிள்ளையைப் பெற்றாலும் இப்படிப் பெற வேண்டும், சம்பந்தி.

வினை அடுத்த வாரம் வந்தது. ஸ்டாப்வாட்சும் அட்டையுமாக ஒவ்வொருவர் பின்னாலும் நின்று, ஒரு மூடி போட எத்தனை வினாடி என்று குறித்தாள். அளக்க வந்தால் நிதானமாக வேலை செய்ய வேண்டும், அதை வைத்துத்தான் இலக்கு போடுவார்கள் என்பது எங்கள் வரிசையில் எல்லாருக்கும் தெரியும். நானே பத்துப் பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் மருமகள் பின்னால் நிற்கும்போது மாமனார் தூங்கி வழிய முடியுமா? மானம் என்று ஒன்று இருக்கிறதே! பல்லைக் கடித்துக்கொண்டு முடுக்கினேன். முப்பத்தெட்டு வினாடி. அவள் அட்டையில் குறித்துக்கொண்டு போய்விட்டாள்.

மறு மாதம் இலக்கு எழுதும் பலகையில், ஷிப்டுக்கு நானூறு மோட்டார் என்றிருந்தது ஐந்நூற்று அறுபது ஆகியிருந்தது. மத்தியானம் நான் சாப்பிட உட்கார்ந்ததும் கூடச் சாப்பிடுகிற நாலு பேரும் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விட்டார்கள். என் பக்கத்து இடத்துக்காரர், நாங்கள் ஆமை என்று கூப்பிடுகிறவர், திரும்பிப் பார்த்து, “உங்க மருமக முன்னாடி நீங்க வீரம் காட்டினதுக்கு நாங்க ஏன்யா சாகணும்?” என்றார். உண்மையில் யாரும் சாகவில்லை. சங்கு ஊதக் கால் மணி இருக்கும்போதே ஆமைகூட ஐந்நூற்று அறுபதை முடித்துவிட்டுக் கை கழுவுகிறார். அந்த அளவுக்கு வேலையை லேசாக்கிவிட்டாள் உங்கள் மகள். ஆனாலும் நான் காட்டிக்கொடுத்தவன்தான். இருபத்திரண்டு வருஷம் சேர்ந்து சாப்பிட்டவர்கள், சம்பந்தி. மூன்று வாரமாகத் தனியாகச் சாப்பிடுகிறேன், சோறு இறங்கவில்லை. அவள் அந்தப் பக்கம் வந்தாலே கை தானாக வேகமெடுக்கிறது, மணிக்கட்டு வீங்கியது அதனால்தான். வீட்டிலோ என் மனைவி, தான் கூப்பிட்டதும் நான் நாற்காலியை விட்டு எழ எத்தனை நிமிஷம் ஆகிறது என்று அளக்கச் சொல்லி மருமகளிடம் மனுவே போட்டிருக்கிறாள்.

நான் கேட்டால் மாமனார் அதிகாரம் ஆகிவிடும். நீங்கள் பெற்றவர். என்னுடைய முப்பத்தெட்டை மட்டும் கணக்கிலிருந்து எடுத்துவிடும்படி பக்குவமாக எழுதுங்கள்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கமும் சிறியவர்களுக்கு என் ஆசியும் அவசரமில்லாமல் போய்ச் சேரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி

பி.கு: உறையை ஒட்டும்போது மருமகள் வந்து, “அப்பாவுக்கா மாமா?” என்றாள். பொய் வரவில்லை, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். “அந்த முப்பத்தெட்ட அன்னைக்கே கோடு போட்டு அடிச்சுட்டேனே மாமா! என்னைப் பார்த்துட்டுதானே அப்படி ஓட்டினீங்க? அது எப்படிக் கணக்காகும்? பலகையில இருக்கறது ஆமைன்னு சொல்வீங்களே, அவரோட வேகம். நாளைக்கு நானே வந்து எல்லார்கிட்டயும் சொல்றேன்” என்று சிரித்தாள். ஆகவே மேலே உள்ளது எதையும் நீங்கள் படிக்கவில்லை. ஆனால் சம்பந்தி, மனசு கேட்கவில்லை. வாழ்நாளில் ஒரே ஒரு தடவை முப்பத்தெட்டு வினாடியில் மூடி போட்டேன். அதை ஒரே கோட்டில் அடித்துவிட்டாளே! ஏதாவது ஒரு மூலையிலாவது திரும்ப எழுதி வைக்கச் சொல்லி அவளுக்கு ஒரு வரி போடுங்கள்.