பாதி ஆள், பாதி நாள்

எனக்கு நேர்ந்த அநீதிகளை வரிசையாகச் சொல்கிறேன். வரிசை தப்பினால் அதுவும் ஓர் அநீதி. முதலாவது, வெள்ளைக்காரன் என்னைச் சிறையில் போட்டான். இரண்டாவது, விடுதலையாகி வந்த அன்று தூத்துக்குடி ரயிலடியில் ஒரு மாலைகூட இல்லை. மூன்றாவது, நான் தொண்டை கிழியக் கத்தி வளர்த்த துறைமுகத் தொழிலாளர் சங்கம், மேடையில் எனக்கு நாற்காலி போடுவதை நிறுத்தியது. நான்காவது, கணக்கு.

அரிசிக்கு ரேஷன் வந்துவிட்ட காலம். சங்கம் ஒரு பண்டகசாலை திறந்தது. அதற்கு மேற்பார்வையாளர் தேவை. கடைசியாக எனக்கொரு நாற்காலி! ஆனால் மிஷன் பள்ளிப் பாஸ்கல் வாத்தியார் கொடுக்கும் கணக்கைச் சிலேட்டில் சரியாகப் போடுகிறவருக்குத்தான் வேலையாம். இரண்டு பேராவது வந்தால்தான் பரீட்சையே நடக்குமாம். என்னைத் தவிர யாரும் பெயர் கொடுக்கவில்லை.

நான் படித்ததெல்லாம் துண்டுப் பிரசுரம். அதில் வரும் ஒரே எண் லட்சோபலட்சம். என் மனைவி சீனித்தாயோ மிஷன் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு முடித்தவள்.

"ஏளா, கணக்குச் சொல்லிக் குடு."

"பன்னிரண்டு பேரு ஒரு வாய்க்காலை எட்டு நாள்ல வெட்டுதாங்க. ஆறு பேருன்னா எத்தனை நாளு?"

"கூலி எவ்வளவு?"

"கணக்குல கூலி கிடையாது."

"கூலி இல்லாம எவன் வெட்டுவான்? வேலைநிறுத்தம்தான்."

"மொதல்ல பன்னிரண்டை எட்டால பெருக்குங்க. தொண்ணூத்தாறு. ஒரே ஆளு வெட்டினா அத்தனை நாளாகும்."

"பன்னிரண்டு பேரு வேலையை ஒருத்தன் தலையில கட்டுதியா? நீ முதலாளி கட்சியா?"

"அந்த ஆளு நெசமா வெட்டலைங்க! பிறகு ஆறால வகுத்தா பதினாறு."

"அநியாயம்! ஆளு குறைஞ்சா நாளும் குறையணும்லா? பாதி ஆளு, பாதி நாளு. அதுதான் நியாயம்."

சீனித்தாய் சிலேட்டைத் தள்ளி வைத்தாள். "பண்டகசாலையில அரிசி போடும்போது யாராவது கூட்டத்துக்குக் கூப்பிட்டா என்ன செய்வீய?"

"பூட்டிட்டுப் போவேன். பொதுக்காரியம்லா!"

"வரிசையில நிக்கிற நாங்க?"

"கோஷம் போடுங்க."

நாட்கள் போயின. வாய்க்கால் வெட்டி முடியவில்லை. வேறு வழியில்லாமல் போராட்டத் திட்டம் ஒன்று வகுத்தேன். அவளையும் பெயர் கொடுக்கச் சொன்னேன்.

"பக்கத்துல உக்காரு. முதல் படி, சரியாப் போட்டு என் கண்ணுல காட்டு. ரெண்டாம் படி, நான் பாத்து எழுதினதும் அழி. மூணாம் படி, தப்பா எழுதிக் குடு. விளங்குதா?"

"ஒரு சரி, ஒரு தப்பு, நடுவுல ஒரு அழிப்பு. விளங்குது. வேலை நம்ம வீட்டுக்குத்தான்."

பரீட்சை நாளில் சங்கக் கட்டடம் நிறைய ஆட்கள். நான் எழுந்து முழங்கினேன்: "முடிவைத் திரைமறைவில் சொல்லக் கூடாது! சாட்சிகள் முன்னால் உரக்க வாசிக்க வேண்டும்!" பல வருஷம் கழித்துக் கைதட்டல் கேட்டேன்.

வாத்தியார் கணக்கைச் சொன்னார். இருபது பேர் ஒரு கப்பல் சரக்கை ஆறு நாளில் இறக்குகிறார்கள். பத்துப் பேர் எத்தனை நாளில் இறக்குவார்கள்?

சீனித்தாய் எழுதிக் காட்டினாள்: மூன்று.

எனக்குக் கண் கலங்கியது. பாதி ஆள், பாதி நாள். என் நியாயத்தைக் கணக்கே ஒப்புக்கொண்டுவிட்டது! மூன்று என்று பெரிதாக எழுதி, சிலேட்டை முதல் ஆளாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் அழித்தாள், எழுதினாள், கொடுத்தாள். எட்டிப் பார்த்தேன். பன்னிரண்டு.

"ஏளா, என்ன இது?"

"மூணு படியும் செஞ்சேங்க. வரிசைதான் மாறிப்போச்சு."

பாஸ்கல் வாத்தியார் ஒரு துண்டுச் சீட்டில் முடிவை எழுதி என்னிடமே நீட்டினார். "அண்ணாச்சி, இங்கன உங்க குரல்தான் பெரிசு. சாட்சியெல்லாம் காத்திருக்காங்க. நீங்களே வாசிங்க."

கல்யாணமான நாள் முதல் 'ஏளா' என்று மட்டுமே கூப்பிட்டு வந்தவன், சங்கமே கேட்க, வாய் திறந்து வாசித்தேன்:

"சீனித்தாய்."