மெக்சிகோவில் கடம்பூர் போளி

தெரியாததைத் தெரியாது என்று சொல்வதற்குப் பெரிய படிப்பு எதுவும் தேவையில்லை. என்னிடம் பெரிய படிப்பு இருந்ததுதான் சிக்கல். எம்.ஏ. வரலாறு. அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு கோவில்பட்டியில் சங்கரபாண்டி மாமாவின் தீப்பெட்டி ஆபீசில் ஆங்கிலக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். மாமா என்றால் தூரத்து உறவில் மாமா. அவருடைய மகள் பொன்னி காரணமாக அந்தத் தூரத்தைக் குறைப்பதற்கு நான் இரண்டு வருடமாக முயன்றுகொண்டிருந்த காலம் அது. தொண்ணூறுகளின் கடைசி.

மெழுகுத் தீக்குச்சி செய்யும் ஒரு மெஷினைப் பார்க்க மாமா மெக்சிகோ போவதாக முடிவாயிற்று. "அங்கன இங்கிலீசு பேச மாட்டானாம்ல. ஸ்பானிசாம். யாரைக் கூட்டிட்டுப் போவ?" என்று அவர் பொதுவாகத்தான் கேட்டார். "எனக்கு ஸ்பானிஷ் தெரியும் மாமா" என்று என் வாய் சொன்னது. (நான் சொல்லவில்லை. வாய்தான்.)

அடிப்படை இல்லாமலும் இல்லை. மதுரைப் பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஸ்பானிஷ் புத்தகம் ஒன்று என்னிடம் இருந்தது. வணக்கம் சொல்வது, ஒன்று முதல் நூறு வரை எண்ணுவது, ரயில் நிலையத்தில் வழி கேட்பது, இதெல்லாம் நன்றாக வந்தது. சாப்பாட்டு அத்தியாயத்தை மட்டும் கரையான் சாப்பிட்டிருந்தது.

புறப்படுகிற அன்று அத்தை என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். அத்தை பிறந்த வீடு, எங்கள் வீட்டைப் போலவே, சுத்த சைவம். அந்த வீட்டுப் பெண்ணைக் கட்டுவதற்காகவே, அதுவரை கோழியைக் கண்டால் விடாத மாமா, இனித் தொடுவதில்லை என்று வாக்குக் கொடுத்து இருபத்தாறு வருடமாக முட்டை கூடத் தொடாமல் இருந்தார்.

"இங்க பாருங்க தம்பி, அவிய நாக்கு எனக்குத் தெரியும். போன மாதிரியே சைவமாத் திருப்பிக் கூட்டியாங்க. பொன்னி விசயத்தை அப்புறம் பேசிக்கிடலாம்."

இதைவிடத் தெளிவாக ஒரு தேர்வின் வினாத்தாளை யாரும் முன்கூட்டியே கொடுத்துவிட முடியாது.

கெரெத்தாரோ என்ற ஊரில் இறங்கினோம். மெஷின் கம்பெனிக்காரர்கள் நல்லவேளையாக ஆங்கிலம் பேசினார்கள். என் ஸ்பானிஷுக்கு வேலையே வரவில்லை. பிழைத்துவிட்டேன் என்று நினைத்தபோது ஞாயிற்றுக்கிழமை வந்தது. பழைய ஸ்பெயின்காரன் காலத்து ஊர்களையும் ஒரு பெரிய மலையையும் ஒரே நாளில் சுற்றிக் காட்டும் பஸ் ஒன்று ஓட்டல் வாசலில் நின்றது. ஆங்கில பஸ் மறுநாள்தான் என்றார்கள். "ஸ்பானிஷே போதும்" என்றேன், மாமா காதில் விழுகிற மாதிரி.

வழிகாட்டி லூப்பே அம்மாள். ஐம்பது வயதிருக்கும். கையில் மஞ்சள் குடை, தொண்டையில் ஒலிபெருக்கி. ஊரின் நடுவே போகும் ராட்சத வளைவுகளைக் காட்டிப் பத்து நிமிடம் உருக்கமாகப் பேசினாள். எனக்குப் புரிந்தது 'தண்ணீர்' என்ற ஒரு சொல்.

"என்னல சொல்லுதாவ?"

"தண்ணி கொண்டுவந்த கால்வாய் மாமா."

"இம்புட்டு நேரம் பேசுனாவ. நீ ஒரே வாக்கியத்துல முடிச்சிட்டியே?"

நியாயமான கேள்வி. அதன்பிறகு நீளத்துக்கு நீளம் சரிக்கட்டினேன். ஊரில் தண்ணீர்ப் பஞ்சம், பெண்கள் காலிக் குடத்தோடு மறியல், பயந்துபோன நகராட்சித் தலைவர் ஒரே வருடத்தில் கால்வாய் கட்டியது, அடுத்த தேர்தலில் அவரே தோற்றது எல்லாவற்றையும் சொன்னேன். மாமா கண் கலங்கிவிட்டார். "எல்லா ஊர்லயும் நல்லவனுக்கு இதான் கதி" என்றார்.

பஸ் ஊரைத் தாண்டியது. ஒரு மணி நேரம் காய்ந்த காடு. இருபுறமும் நம் வேலிக்கருவை மாதிரியே ஒரு முள்மரம், இடையிடையே சப்பாத்திக்கள்ளி. மாமா ஜன்னல் வழியாக ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஏலே, ரெண்டு நாளு ஏரோப்ளேன்ல உக்காந்து விளாத்திகுளத்துக்கால வந்திருக்கோம்?"

இந்தக் கள்ளியே இங்கிருந்துதான் நமக்கு வந்தது, விளாத்திகுளத்து மிளகாய்கூட இந்தப் பக்கத்துச் சரக்குதான், போர்ச்சுக்கீசியர் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள் என்று விளக்கினேன். அன்று முழுவதும் நான் சொன்னவற்றில் உண்மையானது அது ஒன்றுதான். மாமா நம்பாதது அது ஒன்றைத்தான்.

பெர்னால் என்ற ஊரில் அந்த மலை நின்றது. ஒரே கல். சுற்றிலும் சமவெளி, நடுவில் திடுமென்று ஒரு பாறை. "முருகா! நம்ம கழுகுமலைல்லா இது!" என்று மாமா கன்னத்தில் போட்டுக்கொண்டார். பஸ்ஸில் வந்தவர்கள் இதுதான் முறை போலும் என்று எண்ணி அவரவர் கன்னத்தில் தட்டிக்கொண்டார்கள். லூப்பே அம்மாள் மலையைப் பற்றி விரிவாகச் சொன்னாள். நானும் விரிவாகச் சொன்னேன். இரண்டுக்கும் தொடர்பு கிடையாது.

மதியம் ஒன்றரை. மாமா வாரம் முழுக்க வாழைப்பழத்திலும் ரொட்டியிலும் காலம் தள்ளியவர். பசியில் முகம் சுருங்கிவிட்டது. பஸ் நின்ற சாப்பாட்டுக் கடையின் வாசல் பலகையை எழுத்துக் கூட்டினேன். பி, ஓ, எல், எல், ஓ. போல்லோ. இன்னொரு முறை கூட்டினேன். வரலாற்று மாணவனின் மூளையில் ஒரு விளக்கு எரிந்தது.

"மாமா! போளி!"

"என்னது?"

"நம்ம கடம்பூர்ப் போளி மாமா. இவிய போளோங்காவ. மிளகாயை அங்கன கொண்டாந்த அதே கப்பல்காரன் திரும்பிப் போவும்போது தூத்துக்குடில இருந்து போளியக் கொண்டு போயிருக்கான். வந்த சரக்குக்குப் போன சரக்கு!"

இதைவிட அழகான ஒரு வரலாற்றுக் கோட்பாட்டை நான் இன்றுவரை உருவாக்கியதில்லை. மாமா என் முதுகில் தட்டினார். முதல் தடவையாக "மாப்ளே" என்றார்.

பரிமாற வந்தவனிடம் "போளோ" என்று இரண்டு விரல் காட்டினேன். அவன் சிரித்தபடி "போயோ" என்று திருத்தினான்.

"என்னல, போய்யாங்கான்?" மாமாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"இல்ல மாமா. போய் உக்காருங்கங்கான்."

தட்டு வந்தது. நீங்களே சொல்லுங்கள். வட்டமாக, மெல்லிசாக, மடித்து வைத்த ஒன்று. உள்ளே பூரணம். மேலே கருஞ்சிவப்பில் கெட்டியான பாகு. நக்கிப் பார்த்தேன். கொஞ்சம் காரம், ஆனால் அடியில் இனிப்பு. பனைவெல்லம் என்று தீர்ப்புச் சொன்னேன். (அது சாக்லேட்டும் மிளகாயும் அரைத்த குழம்பு என்று பல வருடம் கழித்துப் படித்தேன்.)

மாமா முதல் வாய் வைத்தார். கண்ணை மூடினார். "பூரணம் நார் நாரா இருக்கே?"

"தேங்காப் போளி மாமா."

இரண்டாவது வாய். கொஞ்சம் நிதானித்தார். என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு குனிந்தவர் நிமிரவில்லை. இரண்டாவது தட்டு. மூன்றாவது தட்டு. நான் பாகு கூடுதல் என்று ஒன்றோடு நிறுத்திக்கொண்டேன்.

லூப்பே அம்மாள் எங்கள் மேசைக்கு வந்தாள். மூன்று தட்டைப் பார்த்துப் பூரித்துப்போனாள். "போளி! இந்தியா! போளி!" என்று பெருமையோடு தட்டைக் காட்டினேன். அவள் புரியாமல், "போயோ" என்றாள். நான் விடாமல் "போளி" என்றேன். இவனுக்கு எப்படி விளக்குவது என்று யோசித்தவள், குடையைக் கீழே வைத்தாள். இரண்டு கைகளையும் மடக்கி விலாவில் அடித்துக்கொண்டு, "கொக் கொக் கொக்" என்றாள்.

என் வயிற்றில் இருந்த அந்த ஒரே ஒரு போளி உயிர்பெற்று எழுந்து நடமாடியது.

"என்னல சொல்லுதாவ?" என்றார் மாமா.

கண் முன்னால் அத்தை நின்றாள். அவளுக்குப் பின்னால் பொன்னி, வேறு யாருக்கோ கழுத்தை நீட்டியபடி.

"வணக்கம் சொல்லுதாவ மாமா. இந்த ஊர் வழக்கம்."

மாமா மரியாதை தெரிந்தவர். எழுந்தார். வேட்டியைச் சரிசெய்துகொண்டார். இரண்டு முழங்கைகளையும் மடக்கி, மும்முறை அடித்து, "கொக் கொக் கொக்" என்று பதில் வணக்கம் செலுத்தினார். பஸ்ஸில் வந்தவர்கள் மொத்தப் பேரும் எழுந்து திருப்பிச் செலுத்தினார்கள். லூப்பே அம்மாள் மாமாவின் கேமராவை வாங்கி அதை ஒரு படம் பிடித்தாள்.

அடுத்த ஊருக்குப் போகும் வழியில் என்னால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கரையான், கால்வாய், கழுகுமலை, கோழி. மாமா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டார். முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது.

"தெரியும்ல."

"எப்ப மாமா தெரியும்?"

"ரெண்டாவது வாய்ல."

"அப்ப மூணு தட்டு?"

"நீதானல போளின்னு சொன்ன. மருமவனாப் போற பய சொல்லுத நம்பாம இருந்தா நல்லாவா இருக்கும்?" கொஞ்ச தூரம் போனதும் கேட்டார்: "உங்க அத்தை கேட்டா?"

"போளின்னுதான் சொல்லுவேன்."

"மருமவன்னா இப்படில்லா இருக்கணும்."

ஊர் திரும்பியதும் அத்தை முதல் கேள்வியாக அதைத்தான் கேட்டாள். கடல் தாண்டியும் போளி தேடிக் கொடுத்தேன், அங்கேயும் ஒரு கழுகுமலையைக் காட்டினேன் என்று கேட்டு உருகிப்போனாள். வெள்ளிக்கிழமை பூ வைப்பதாகப் பேச்சாயிற்று. வியாழக்கிழமை ஸ்டூடியோவில் இருந்து படங்கள் கழுவி வந்தன.

அத்தை என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள். மாமா ஏற்கெனவே அங்கே தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அத்தை கையில் அந்தப் படம். நாங்கள் முதுகு காட்டி உட்கார்ந்திருந்ததால் பார்க்கத் தவறியது அதில் தெளிவாக இருந்தது. மாமாவின் தலைக்கு மேலே சுவர் முழுக்க ஒரு சேவல். தலையில் சமையல்காரத் தொப்பி, இறக்கையில் ஒரு தட்டு. அதன் கீழே, அதே சிறகடிப்பில், மாமா.

"இது என்ன தம்பி?"

"சேவல் அத்தை."

"அவிய ஏன் கைய இப்படி வச்சிருக்காவ?"

"வணக்கம் சொல்லுதாவ அத்தை."

"பயல ஒண்ணும் சொல்லாத" என்று மாமா தரையிடம் சொன்னார். "மூணாவது தட்டு நானாக் கேட்டது."

அத்தை மூச்சை இழுத்தாள். இரண்டு வருட முயற்சி அந்த மூச்சில் தொங்கிக்கொண்டிருந்தது. அப்போது உள்ளறையில் ஒரு சத்தம். யாரோ தலையணையால் வாயைப் பொத்திக்கொண்டும் முடியாமல் சிரிக்கிற சத்தம். பிறகு பொத்தாமலே சிரிக்கிற சத்தம். பொன்னி வாசலைப் பிடித்துக்கொண்டு வந்து, படத்தை வாங்கிப் பார்த்து, அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

"சிரிக்கா பாரு" என்றாள் அத்தை. அவளுக்கும் உதடு நிற்கவில்லை. "இனி நான் என்னத்தச் சொல்ல. ரெண்டு பேரும் எந்திரிங்க, மொதல்ல தலைக்கு ஊத்திட்டுக் கழுகுமலைக்குப் போயிட்டு வாங்க. நெசக் கழுகுமலைக்கு."

வெள்ளிக்கிழமை பூ வைத்தார்கள்.

மாமாவுக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. அதன்பின் அவர் சைவம் தவறியதில்லை. ரயிலில் போனால் கடம்பூரில் போளி வாங்காமல் வண்டியை விட மாட்டார். வாங்கியதும் ஓரத்தைப் பிய்த்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பூரணத்தை உற்றுப் பார்ப்பார். வண்டியில் இருக்கும் எங்கள் வீட்டு ஆட்கள் அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிட்டு அவர் முகத்தையே பார்ப்போம்.

"தேங்காதான்ல" என்பார், ஒரு பெருமூச்சோடு.