வெயிலு சார் பூட்டிவைத்த சுருக்குப் பை

சூரியனுக்கே மெமோ கொடுக்கத் துணிந்த ஒரே அரசாங்க ஊழியர், உத்திரமேரூர்ப் பக்கத்து ஆஸ்பத்திரியில் என்னோடு வேலை பார்த்த லேப்காரர்தான். ஊரே அவரை வெயிலு சார் என்றது. நான் அங்கே நர்ஸ். இன்றைய என் இடுப்பு வலிக்கு அவர்தான் காரணம்.

அப்போது எங்களுக்குக் கரண்ட் கிடையாது. மைக்ராஸ்கோப்பின் அடியில் ஒரு சின்னக் கண்ணாடி. அதில் வெயில் விழுந்தால்தான் எதுவும் தெரியும். வெயில் நகர நகர மேசையையும் தூக்கி நகர்த்துவோம். ஒரு பக்கம் அவர், மறுபக்கம் நான். மேகம் மூடினால் அண்ணாந்து பார்த்து, "பேமானி! இன்னா அவசரம் உனக்கு?" என்று கத்துவார். தங்களைத்தான் திட்டுகிறார் என்று வரிசையில் நிற்பவர்கள் ஒதுங்குவார்கள்.

ஓர் ஐப்பசி அடைமழையில் சாலவாக்கத்திலிருந்து நடவுக்காரி கன்னியம்மா வந்தாள். மார்பில் கட்டி. டாக்டரம்மா ஊசியால் உறிஞ்சிப் பார்த்துவிட்டு, "நீர்க்கட்டிதான், போகலாம்" என்றார்.

வெயிலு சார் உறிஞ்சியதைக் கண்ணாடித் துண்டில் தடவியதுமே முகத்தைச் சுளித்தார். "நீரா இது? நொங்கு கணக்கா கீது, சிஸ்டர். பட்டணத்துல ஒரே ஒரு தபா இப்டி பாத்தேன். அது புத்து. வெயிலு வரட்டும், பாத்துடலாம்."

கன்னியம்மா கேட்பாளா? "நாத்து பறிச்சிப் போட்டுக் கீது. நான் போறேன்" என்று எழுந்தாள். மனிதர் சட்டென்று அவளுடைய வெற்றிலைச் சுருக்குப் பையைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார். "வெயிலு வந்தாதான் சாவி!"

மூன்று நாள் மழை. வெற்றிலை இல்லாத அவள் வாயிலிருந்து வந்ததையெல்லாம் பத்திரிகையில் எழுத முடியாது. எனக்கே அலுத்துவிட்டது. "கொடுத்துத் தொலைங்க சார்" என்றேன்.

"இப்ப போனா திரும்ப வர மாட்டா, சிஸ்டர். செத்துடுவா" என்றார். அந்தக் குரலில் விளையாட்டே இல்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் வெயில் வந்தது, டாக்டரம்மாவின் அறைக்குள் மட்டும். அவர் மோர்சாதம் பிசைந்துகொண்டிருந்தார். தட்டைத் தள்ளிவிட்டு மைக்ராஸ்கோப்பை வைத்தோம். வெயிலு சார் குனிந்தார். "நொங்குக்குள்ள செல்லு கும்பல் கும்பலா மெதந்துகினு கீது. நீங்களே பாருங்க டாக்டர்."

டாக்டரம்மா சோற்றுக் கையோடு பார்த்தார். கையைக் கழுவிவிட்டு, பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதினார். அங்கே புற்றுதான் என்று உறுதி செய்து, ஆபரேஷனும் செய்தார்கள். அபூர்வமான வகையாம். பரவுவதற்குள் எடுத்துவிட்டார்களாம்.

அடுத்த வருட நடவின்போது கன்னியம்மா சேற்றுக் காலோடு வந்து, சுருக்குப் பையை அவர் மேசையில் வைத்தாள். "இந்தா சார், பூட்டிக்கோ. வெயிலு வர வரைக்கும் குந்திகினு கீறேன்."

மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மேகத்தைத் திட்டப் போவதாகச் சொல்லி வெளியே ஓடினார். வெளியே சுள்ளென்று வெயில்.

இப்போது என்னால் ஒரு குடம் தூக்க முடியாது. ஆனாலும் மேகம் விலகி வெயில் விழுந்தால், அவர் மேசையின் மறுபக்கத்தைப் பிடிக்க எழுந்துவிடுகிறேன்.