இன்னாசிமுத்துவோட லிசான்ஸ்

கரும்பு வெட்டு ஆரம்பிக்கிற அன்னைக்குக் காலையில, வில்லியனூர் இன்னாசிமுத்துக்குத் திடீர்னு படிப்பு மேல காதல் வந்துடுச்சு! சும்மா காதல் இல்ல, பொங்கி அடுப்பை அணைக்கிற காதல்!

"ரோசம்மா! நான் புதுச்சேரி போயி லிசான்ஸ் படிக்கப்போறேன்!"

பொண்டாட்டி அருவாளைத் தீட்டிக்கினே கேட்டா. "லைசென்சா? இன்னாத்துக்கு, கள்ளுக்கடைக்கா?"

"அய்யோ! லிசான்ஸ்டி! சட்டப் பட்டம்! பிரெஞ்சு தெரிஞ்சவன் கரும்புச் சோகையில கெடந்து மக்கறதா?"

நெசம் இன்னான்னா, கரும்பு வெட்டப் போனா சோகை இலை கையைக் கிழிக்கும். பட்டணத்துலயோ தனி ரூம்பு, கடக்கரைக் காத்து, வேலை ஏவ ஆளே இல்ல! அதான் திட்டம்.

அழுவா, போவ வேணாம்னு மறிப்பான்னு பார்த்தான். அவளோ, "பேஷாப் படிங்க"ன்னுட்டு, அருவாளோட உள்ள போயி ஒரு மூட்டையைக் கட்டியாந்து வாசல்ல வெச்சுட்டா! இவனுக்குத் தல கால் புரியல.

"எப்பக் கெளம்பறோம்?"

"கெளம்பறோமா? நான் மட்டுந்தாண்டி!"

"அதெப்டி? கல்யாணத்தன்னிக்குப் பதிவு பண்ண வந்த ஊர்த்தலைவரு, மேர் துரை, பிரெஞ்சுல ஒரு சட்டம் படிச்சாரே. மீசையைத் தடவிக்கினு அர்த்தம் சொன்னது யாரு?"

இவன்தான். ஊரே கேக்கச் சொன்னான்: 'புருசன் எங்க குடியிருக்கானோ, பொண்டாட்டி அங்க வந்தே ஆவணும்!'

"அது... சும்மா, பேச்சுக்கு..."

"சட்டம் சும்மாவா? லிசான்ஸ் படிக்கிறவரு பேசற பேச்சா இது? நான் வந்தா மாடு வரணும். மாடு வந்தா கன்னுக்குட்டி வரணும். எங்கம்மாவைத் தனியா வுட முடியுமா?"

"உங்கம்மாவா!"

மாமியார் மதலேனாள் படலுக்கு அந்தாண்ட இருந்து எட்டிப் பார்த்தாங்க. "மாப்ள, வண்டியில என் உரலுக்கு எடம் இருக்குமா?"

அவ்ளோதான். கடக்கரைக் காத்துல சாணி வாசம் அடிச்சுது. தனி ரூம்புல உரல் இடிச்சுது. வாசல்ல வேற மூட்டை கட்டி ரெடியா இருந்துச்சு!

"ரோசம்மா... யோசிச்சுப் பார்த்தேன். லிசான்ஸ் எங்க ஓடிடப் போவுது? அடுத்த வருசம் பார்த்துக்கலாம். மூட்டையைப் பிரிச்சுடு."

"நீங்களே பிரிங்க."

பிரிச்சான். சேலை இல்ல, பாத்திரம் பண்டம் இல்ல. அவனோட பழைய வேட்டி, தலைக்கு முண்டாசுத் துணி, கூழுத் தூக்கு. அடியில பளபளன்னு அருவா.

"பார்த்து எடுங்க, கையை வெட்டிக்கப் போறீங்க"ன்னா ரோசம்மா. "நீங்க லிசான்ஸ்னு ஆரம்பிக்கும்போதே உங்களுக்காகத் தீட்டினது."