சீட்டு பாய் பார்க்காத படம்

திருவண்ணாமலையில் கிரிவலம் போகாதவர்கள்கூட இருக்கலாம். ஆனால் எண்பதுகளில் சீட்டு பாயிடம் திட்டு வாங்காமல் வீட்டில் படம் பார்த்தவர் ஒருவர்கூட இருந்திருக்க முடியாது.

சீட்டு என்றதும் ஏலச் சீட்டு என்று நினைத்துவிடாதீர்கள். வீடியோ டெக் வந்த புதிதில் சின்னக்கடைத் தெருப் பக்கம் கேசட் வாடகைக்கு விடும் கடை வைத்திருந்தார் பாய். பழைய படமோ புதுப் படமோ, தான் பார்க்காமல் எதையும் வெளியே விடமாட்டார். பார்த்து முடித்ததும் நாலு வரி விமர்சனம் எழுதி டப்பாவுக்குள் போடுவார். அதுதான் சீட்டு.

‘புதுப் படம். கதை பழசு. பாட்டு வரும்போது எழுந்து போய் குழம்பு தாளிக்கலாம்.’

‘ஹீரோவுக்கு வயசு ஜாஸ்தி. காலேஜில் சேர்க்கிறார்கள். சண்டையில் மூச்சு வாங்குகிறது.’

எந்தப் படமானாலும் கடைசி வரி ஒன்றுதான்: ‘நீளம் ஜாஸ்தி.’ ‘நல்லா இருக்கு’ என்று அவர் எழுதி யாரும் பார்த்ததில்லை. ஊரே கொண்டாடிய படத்துக்கு அவர் கொடுத்த உச்சபட்சப் பட்டம் ‘பாக்கலாம்’.

கேசட் வாங்கப் போனால் டாக்டரிடம் போன மாதிரிக் கேள்வி கேட்பார். ஒருநாள் ஒரு வாத்தியார் என் கண்ணெதிரே மாட்டிக்கொண்டார்.

“வீட்ல அம்மா இருக்காங்களா சார்?”

“இருக்காங்க பாய்.”

“உங்க சம்சாரம் அவங்களோட பேசுதா?”

“அது எதுக்கு உங்களுக்கு?”

“பேசுதா இல்லியா?”

“இப்போதைக்கு இல்ல.”

“அப்ப இந்தப் படம் கெடையாது. மாமியார் சோத்துல மருமவ கல்லு போடற சீன் வருது. உங்க வீட்டுக்கு ஐடியா குடுக்கவா நான் கடை வெச்சிருக்கேன்?”

வாத்தியார் பக்திப் படத்தோடு திரும்பிப் போனார்.

இதைவிடக் கொடுமை, கேசட்டைத் திருப்பித் தரும்போது நாமும் ஒரு சீட்டு எழுதித் தரவேண்டும். இல்லாவிட்டால் கேசட்டைக் கையில் வாங்கமாட்டார். கீழ்பென்னாத்தூர் மணிலாக்கொட்டை வியாபாரி ஒருவர் எல்லாப் படத்துக்கும் ‘பரவாயில்லை’ என்றே எழுதிக்கொண்டிருந்தார். “யோவ், மூணு மணி நேரம் பாத்துட்டு ஒத்த வார்த்தையா? மூட்டையப் பிரிச்சிப் பாக்காமலேவா கொட்டை வாங்குவே?” என்று பாய் கத்தியதில் அந்த மனிதர் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதிவிட்டுப் போனார். முடிவு என்ன என்று முன்கூட்டிக் கேட்பவனுக்கோ அன்றைக்குக் கேசட்டே கிடையாது.

சாவு விஷயத்தில் மட்டும் அவர் விளையாடமாட்டார். ‘இதில் தாய் சாவு உண்டு. துக்கம் நடந்த வீட்டுக்கு வேண்டாம்’ என்று சிவப்பு மையில் எழுதியிருப்பார். சில சீட்டுகள் பாதியில் நின்றுவிடும். ‘மகள் படுத்த படுக்கை ஆகிறாள். இதற்கு மேல் நான் பார்க்கவில்லை.’

தாலுகா ஆபீஸ் குமாஸ்தா வேலையும் புதுக் கல்யாணமும் கொடுத்த திமிரில், “என்ன பாய், இந்தப் படத்துலயும் தூங்கிட்டீங்களா?” என்று ஒருநாள் கிண்டலடித்தேன். பாய் சிரித்தார். வெளியே வந்ததும் பக்கத்துக் கடை டெய்லர் என் கையைப் பிடித்தார்.

“அவர் மூஞ்சியப் பாத்து இனிமே அப்டி கேக்காத சார். ஒரே பொண்ணு. மஞ்சக் காமாலைல போயிடுச்சி. பத்தொம்பது வயசு.”

அந்த வருஷம்தான் பாயின் மச்சான் துபாயிலிருந்து டெக்கும் கேமராவும் கொண்டுவந்து, ரம்ஜான் அன்று அந்தப் பெண்ணைப் படம் பிடித்திருக்கிறார். அடுத்த மாதமே அவள் போய்விட்டாள். அவள் நடப்பதும் பேசுவதும் உலகத்தில் அந்த ஒரு கேசட்டில்தான் இருக்கிறது. ஊர்ப் படத்தையெல்லாம் பார்த்த பாய் மூன்று வருஷமாக அதை மட்டும் கடை அலமாரியில் வைத்திருந்தாரே தவிர டெக்கில் போட்டதில்லை.

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

கார்த்திகை மழையில் கேசட்டுகளில் பூசணம் பிடிக்கும். கடையிலிருந்த அத்தனையையும் வெளியே எடுத்து, மெல்லிய துணியால் துடைத்துத் துடைத்துத் திரும்ப டப்பாக்களில் போடுவார் பாய். தீபத்துக்கு முந்தின ஞாயிறு, அந்தக் களேபரத்தின் நடுவில்தான் ஒரு சிரிப்புப் படம் கேட்டு வாங்கிவந்தேன்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நானும் மனைவியும் படத்தைப் போட்டோம். எழுத்து ஓடவில்லை, பாட்டு வரவில்லை. ஒரு சமையற்கட்டில் இளம்பெண் ஒருத்தி கரண்டியோடு நின்று, “மாமா, அந்தப் பொட்டியத் தூர வை, எண்ணெ தெறிக்கும்” என்று சிரித்தாள். தலையில் ஒரு முடிகூட நரைக்காத பாய் பக்கத்தில் வந்து நின்றார். குருமாவை உள்ளங்கையில் வாங்கி நக்கிப் பார்த்துவிட்டு, “உப்பு கம்மி” என்றார்.

“அத்தா, உன் வாயால எதையுமே நல்லா இருக்குன்னு சொல்லமாட்டியா?”

அடுத்தவர் வீட்டுப் பெண்ணைப் பார்க்கிறோமே என்று பதறி நிறுத்தப் போனேன். டெய்லர் சொன்னதை ஏற்கெனவே நான் சொல்லிக் கேட்டிருந்த மனைவி, “இருங்க, அந்தப் பொண்ணு பேசிட்டு இருக்குதுல்ல” என்றாள். முழுவதும் பார்த்தோம். இருபது நிமிஷம்கூட இல்லை.

“இத எப்டி திருப்பித் தர்றது?” என்றேன்.

“சீட்டோடதான்” என்று சொல்லி அவளே எழுதினாள்.

கடைக்கு ஓடினேன். டப்பாக்களெல்லாம் தரையில் கிடந்தன. அவற்றின் நடுவே பாய் மண்டியிட்டு, ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். யாராவது எடுத்துப் போய் அதன்மேல் வேறு படத்தைப் பதிந்துவிட்டால் அவளுடைய குரலும் போய்விடும் என்ற பயம். சட்டை வியர்வையில் தெப்பலாக நனைந்திருந்தது.

“பாய், இது எங்க டப்பால வந்துடுச்சி.”

வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். பிறகு பழக்க தோஷத்தில் டப்பாவைத் திறந்து சீட்டை எடுத்துப் படித்தார்.

‘ஒரு பெண் அப்பாவைத் திட்டிக்கொண்டே சமைக்கிறாள். படம் முழுக்கச் சிரிக்கிறாள். இதில் சாவு இல்லை. துக்கம் நடந்த வீட்டிலும் பாக்கலாம்.’

நாலு வரிதான். ரொம்ப நேரம் படித்தார்.

“சார்,” என்றார். “கடைசில என்னா?”

முடிவைக் கேட்டவர்களையெல்லாம் விரட்டியடித்த மனிதர் என்னிடம் கேட்டார்.

“உங்களத்தான் சாப்புடக் கூப்புடுது பாய். ‘ஆறிப்போவுது, வா அத்தா’ன்னுது. அதோட முடியுது.”

பாய் தலையை ஆட்டினார். பட்டப்பகலில், தீபக் கூட்டம் ஊரில் வந்து குவிகிற நேரத்தில், கடையை இழுத்துச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போனார். அவர் அப்படிச் சாத்தி நான் பார்த்ததே இல்லை.

மறுநாள் ஆபீசுக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்தேன். கண் இரண்டும் வீங்கியிருந்தன. டப்பாவைத் திறந்து நீட்டினார். என் மனைவியின் சீட்டுக்குக் கீழே அவருடைய சீட்டு.

‘கடைசி வரை பார்த்தேன். நல்லா இருக்கு. நீளம் கம்மி.’

ஆபீசுக்கு அன்றைக்கு நான் லீவு. பாயும் நானும் டெய்லர் கடை பெஞ்சில் உட்கார்ந்து நாலு டீ குடித்தோம்.