ஒத்தை முள்ளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

மனைவி சொன்னதை அட்சரம் பிசகாமல் கேட்பது. கேட்டே அவளைத் தோற்கடிப்பது. இதுதான் நான் எடுத்த மகத்தான முடிவு. கல்யாணமான எவனுக்கும் இப்படியொரு தந்திரம் தோன்றியிருக்காது என்று எனக்கு ஒரே கர்வம்.

வினை தூண்டிலில் ஆரம்பித்தது. நான் ஏரியில் பிளாஸ்டிக் மீனை வீசி நிஜ மீனைப் பிடிக்கிறவன். பிடிக்கப் பார்க்கிறவன் என்று திருத்தி வாசிக்கவும். அந்தப் பொய் மீனின் வயிற்றில் ஒரு கொக்கி, வாலில் ஒரு கொக்கி. ஒவ்வொன்றிலும் மூன்று முள். எந்தப் பக்கம் திரும்பினாலும் குத்தும். போன வாரம் தூண்டிலைத் தோளில் சாய்த்துக்கொண்டு கம்பீரமாகக் கிளம்பினேன். ஹால் திரைச்சீலையும் கேட் வரைக்கும் என் பின்னாலேயே வந்தது.

“மீனைத் தவிர எல்லாத்தையும் பிடிக்கிறீங்க!” என்றாள் மனைவி. “சோபா உறை, என் துப்பட்டா, இப்போ இது. இன்னியோட அந்த மூணு முள்ளைக் கழட்டிட்டு ஒத்தை முள்ளை மாட்டுங்க. இல்லைன்னா தூண்டில் பரணுக்குப் போயிடும்.”

“ஒத்தை முள்ளா? அதுல மீன் எப்படிம்மா மாட்டும்?”

“மூணு முள்ளுல மட்டும் மாட்டிக் கிழிச்சதாக்கும்!”

உங்களிடம் மட்டும் உண்மையைச் சொல்கிறேன். மூன்று முள்ளை நான் நேசித்தது மீனுக்காக இல்லை. ஒரு தடவை வீசினால் ஒரு முள் பாசியில் மாட்டும், இன்னொன்று கோரையில், மூன்றாவது என் சட்டையில். பிரித்தெடுப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். “ஏன் இவ்ளோ நேரம்?” என்று கேட்டால், “பாசியில மாட்டிக்கிச்சு.” இந்த ஒரே பதிலில் என் ஞாயிற்றுக்கிழமைகள் ஒட்டடை, மின்விசிறி, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றிலிருந்தும் தப்பி வந்தன. இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கே ஆபத்து.

ஆகவே, தந்திரம். ஒத்தை முள்ளை மாட்டுவேன். வெறுங்கையோடு திரும்பி, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்பேன். “போனாப் போகுது, பழைய முள்ளையே மாட்டிக்கோங்க” என்று அவள் மனசு இளகும். அவள் கண் முன்னாலேயே, முள்ளைக் கோத்திருக்கும் வளையத்தைக் குறட்டால் விரித்து எல்லா முள்ளையும் மாற்றினேன். பக்கத்து வீட்டு டெய்லரிடம் ரகசியத்தைச் சொன்னேன். என்னோடு ஏரிக்கு வருகிறவர் அவர்தான். அவர் வீட்டிலும் பாசிதான் பதில்.

“பிரமாதம்! மீன் மட்டும் மாட்டாம பாத்துக்கங்க.”

“டெய்லரே, இத்தனை வருஷமா மாட்டாம பாத்துக்கிட்டவன் நான்!”

ஞாயிறு விடிந்தது. முதல் வீச்சு. பொய் மீன் பாசிக்குள் புகுந்து, எதிலும் சிக்காமல் வழுக்கிக்கொண்டு வந்தது. எனக்கு அதுவே பிடிக்கவில்லை. இரண்டாவது வீச்சு. கம்பு வளைந்தது. ரீல் கத்தியது. நானும் கத்தினேன்.

“அறுத்து விடுங்க! தூண்டில் நரம்பை அறுத்து விடுங்க!” டெய்லர் கத்தரிக்கோலோடு ஓடி வந்தார். “நம்ம ஞாயித்துக்கிழமை போயிடும்!”

“கிட்ட வந்தீங்க, தண்ணிக்குள்ள தள்ளிடுவேன்!”

அந்த நேரத்தில் எனக்குத் தந்திரமும் தெரியவில்லை, தொட்டியும் தெரியவில்லை. இழுத்தேன், விட்டேன், மறுபடி இழுத்தேன். கரையேறியது ஒரு விரால். என் கை நீளம்! சரி, முழங்கை வரைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முள் வாயோரத்தில் அழகாகப் பதிந்திருந்தது. ஒரே திருப்பில் கையோடு வந்துவிட்டது.

வெயில்கூட ஏறவில்லை. அதற்காக ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிட முடியுமா? மீனை ஐஸ் பெட்டியில் வைத்துவிட்டு, மரத்தடியில் துண்டை விரித்து, பொழுது சாயும்வரை தூங்கினோம்.

“யாருக்காவது குடுத்துட்டுப் போயிடலாம்” என்று டெய்லர் கெஞ்சினார்.

“இதைத் தூக்கிக்கிட்டுத் தெருவுல நடக்கத்தான் நான் பொறந்திருக்கேன்!”

நடந்தேன். தெருவே பார்த்தது. சிலர் இரண்டு தடவை பார்க்கட்டும் என்று சுற்று வழியில் வந்தேன். வாசலில் மனைவி வாயைப் பிளந்தாள். மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து டெய்லரின் மனைவியும் எட்டிப் பார்த்தார்.

“யப்பா! நீங்களா பிடிச்சீங்க? பாசியில மாட்டலையா?” என்று கேட்டாள் என் மனைவி.

“பாசியா? தொடக்கூட இல்லை!”

டெய்லர் என் காலை மிதித்தார்.

“முள்ளை எடுக்க ரொம்ப நேரம் ஆயிருக்குமே, பாவம்?”

“ஒரே திருப்பு! சின்னக் குழந்தைகூட எடுத்துடும்!”

டெய்லர் இருமினார்.

“எத்தனை தடவை வீசினீங்க?”

“ரெண்டே வீச்சு! வெயில் வர்றதுக்குள்ள கதை முடிஞ்சிடுச்சு!”

டெய்லர் கண்ணை மூடிக்கொண்டார்.

“அப்படியா?” என்றாள் மனைவி, ரொம்பக் கனிவாக. “அப்போ வெயில் வந்ததுல இருந்து இந்த நேரம் வரைக்கும் ரெண்டு பேரும் அங்க என்ன பண்ணீங்க?”

“பா...” என்று ஆரம்பித்தேன்.

“தூண்டில் கடைக்காரர்கிட்ட விசாரிச்சுட்டேன். ஒத்தை முள்ளு பாசியில சிக்காது, கழட்டவும் நேரமாகாதுன்னாரு. அதுக்குத்தான் மாத்தச் சொன்னேன்.”

தோற்றேன். ஆனாலும் வறுத்த மீனில் பெரிய துண்டு எனக்குத்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கித் தின்றேன். பிடித்தவன் நானல்லவா?

அடுத்த ஞாயிறு காலை மொட்டைமாடித் தொட்டிக்குள் பிரஷ்ஷோடு நின்றேன். பக்கத்து மாடித் தொட்டியிலிருந்து டெய்லரின் முனகல் கேட்டது. சீக்கிரம் முடித்தால் ஏரிக்கு ஒரு நடை போய்விட்டு வரலாம் என்று வெறி பிடித்தவனாகத் தேய்த்தேன். கீழே கேட் திறக்கும் சத்தம். எட்டிப் பார்த்தேன். என் மனைவியும் டெய்லரின் மனைவியும், எங்கள் தூண்டில்களோடு!

“ரெண்டு பேரும் எங்க கிளம்பிட்டீங்க?”

“ஏரிக்குத்தாங்க! மீன் பிடிக்கிறது ரொம்ப சுலபம்னு நீங்கதானே சொன்னீங்க? நாங்க வர இருட்டிடும். தொட்டி முடிஞ்சதும் ஃபேனைத் துடைச்சிடுங்க!”