ஸ்மாஷ் அண்ணனின் இடது முழங்கால்

தன் சொந்த முழங்காலோடு வருடக்கணக்கில் பேச்சுவார்த்தை இல்லாமல் வாழ்ந்த மனிதர், எனக்குத் தெரிந்து உலகத்திலேயே ஸ்மாஷ் அண்ணன் ஒருவர்தான்.

ஏற்காட்டில் ஜீப் ஓட்டுகிறவர். சாயங்காலமானால் வெள்ளக்கடை மைதானத்தில் வாலிபால். ஐம்பதை நெருங்கிய உடம்பு. ஆனால் பந்து வலைக்கு மேலே எழும்பினால் தானும் எழும்பியாக வேண்டும். தரைக்குத் திரும்பும்போது முகம் ஒரு பக்கமாகக் கோணும். அதைச் சிரிப்பு என்பார்.

கடைவீதியில் மருந்துக்கடை வைத்திருக்கும் எனக்கு அது என்ன சிரிப்பு என்று தெரியும். வலிக்களிம்பை அவர் தேங்காய் எண்ணெய் மாதிரி வாங்கிக்கொண்டிருந்தார். முட்டிச் சில்லுக்குக் கீழேதான் வலி. மேடு ஏறும்போது அவ்வளவாகத் தெரியாது. இறங்கும்போது உயிர் போகும். அதனால் இறக்கம் வந்தால் திரும்பிக்கொண்டு பின்பக்கமாகவே இறங்குவார்.

ஒருமுறை அவர் ஜீப்பில் சேர்வராயன் கோயிலுக்கு அழைத்துப்போன குடும்பம் இதைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, சாமிக்கு முதுகு காட்டக் கூடாதுங்களா?" என்று கேட்டது. "ஆமாங்க" என்றார் இவர். அந்தக் குடும்பம் மொத்தமும், கைக்குழந்தை உட்பட, ஜீப் வரைக்கும் பின்பக்கமாகவே நடந்து வந்தது.

கடைசியில் நானே அவரைச் சேலத்துக்கு, எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

"முட்டிச் சில்லைக் கீழ்க்கால் எலும்போட கட்டி வெச்சிருக்கற தசைநாண் நைஞ்சு போயிருக்குதுங்க. குதிக்கறதைக் கொஞ்ச மாசம் நிறுத்துங்க. தொடைக்கு மெதுவாப் பலம் ஏத்தற உடற்பயிற்சி செய்யோணும்" என்றார் டாக்டர்.

"ஊசி ஒண்ணு போட்டு வுட்டுருங்க. ஞாயித்துக்கிழமை மேட்ச் இருக்குது."

"அந்த எடத்துல ஊசி போட்டா, நாண் அறுந்தாலும் அறுந்துருமுங்க."

இத்தனையிலும் அண்ணன் காதில் விழுந்தது ஒரே ஒரு சொல். வெளியே வந்ததும் சொன்னார்: "கேட்டீங்களா தம்பி, டாக்டரே உடற்பயிற்சி செய்யச் சொல்லிட்டாரு. வாலிபாலை விட ஒசந்த உடற்பயிற்சி ஏதுங்க?"

ஞாயிற்றுக்கிழமை எழும்பினார். காய்ந்த குச்சி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அண்ணன் தரையில் கிடந்தார். முட்டிச் சில்லு தன் இடத்தை விட்டுத் தொடைப்பக்கம் ஏறியிருந்தது. காலை நீட்டப் பார்த்தார், கால் கேட்கவில்லை. சுற்றி நின்றவர்களைப் பார்த்து, "பாயிண்ட் நம்முளுதுதானுங்களே?" என்றார்.

அவருடைய ஜீப்பிலேயே படுக்கவைத்துச் சேலத்துக்கு இறங்கினோம். ஓட்டிய பையனை ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் கியர் மாற்றத் தெரியவில்லை என்று திட்டிக்கொண்டே வந்தார். மலை இறங்கிச் சமதளம் வந்த பிறகுதான் சத்தம் நின்றது. என் கையைப் பிடித்து மெதுவாகக் கேட்டார்: "தம்பி, கிளட்ச் மிதிக்கற காலுங்க. இனி ஆவாதுங்களா?"

எனக்கும் தெரியவில்லை.

அறுவை சிகிச்சை செய்து, அறுந்த நாணை எலும்போடு சேர்த்துத் தைத்தார்கள். அப்புறம் பல வாரங்கள் மடக்க முடியாதபடி பட்டை போட்ட நேர்க்கால். அதைக் கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு வீடே அதிர வாலிபால் வர்ணனை செய்தார். அவர் மனைவி சரசு அக்கா, "காலைக் கட்டினவங்க வாயையும் கட்டியிருக்கலாமுங்க" என்று என்னிடம் சொன்னார்.

பட்டையைத் தளர்த்தியதும் பிசியோதெரபி. அவர் மகள் வயதுள்ள பெண், "இன்னுங் கொஞ்சம் மடக்குங்கண்ணா" என்பாள். அண்ணன் கண்ணில் நீர் முட்டும். "மின்விசிறித் தூசி, கண்ணு" என்பார். மின்விசிறி ஓடாது. ஆனாலும் ஒரு நாள்கூடத் தப்பாமல் செய்தார். மாதங்கள் போயின. ஒரு காலையில் ஜீப் என் கடை முன்னால் வந்து நின்றது. ஓட்டுநர் இருக்கையிலிருந்து திரும்பி, அவர் இடது காலை மட்டும் வெளியே நீட்டி ஆட்டிக் காட்டினார்.

இப்போது வாலிபால் நடுவர். குதிப்பதில்லை. சவாரி இல்லாத நேரமெல்லாம் என் கடையில்தான். முட்டிக்குக் களிம்பு கேட்டு யார் வந்தாலும் மறிக்கிறார். "எறங்கும்போது வலிக்குதுங்களா? களிம்பு வேண்டாம். மொதல்ல டாக்டரைப் பாருங்க, அவரு சொல்றதை முழுசாக் கேளுங்க" என்று திருப்பி அனுப்பிவிடுகிறார். என் களிம்பு வியாபாரம் படுத்துவிட்டது.

கால் நீட்டி உட்கார வாகாக ஒரு நாற்காலி வாங்கிக் கடை வாசலில் போட்டிருக்கிறேன். அவர் சவாரி போயிருக்கும்போது வேறு யாராவது அதில் உட்கார்ந்தால், "ஆள் வருதுங்க" என்று எழுப்பிவிடுகிறேன்.